பஞ்சரை அடைக்கும் ரப்பர் பால்

சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து சிறு படகில் ஏறினால் சற்று நேரத்தில் உபின் தீவை அடையலாம். ஒரு காலத்தில் கருங்கல் உடைப்பும் ரப்பர்த் தோட்டங்களும் அத்தீவு மக்களுக்குப் பிழைப்பளித்தன. இன்று அங்கே கல்லுடைப்பும் இல்லை, பால் வெட்டும் இல்லை. பழைய பால்மரங்கள் மட்டும் காட்டோடு காடாக நிற்கின்றன. 2008-ஆம் ஆண்டு அத்தீவில் மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே கெத்தாம் என்னும் பூங்கா திறக்கப்பட்டது. விடுமுறை நாட்களில் நகரத்து இளைஞர்கள் அகன்ற டயர்கள் பூட்டிய சைக்கிள்களில் கல்லிலும் வேரிலும் ஏறி இறங்குவதை அங்கே காணலாம்.

இத்தகைய சைக்கிள்களில் பலவற்றின் டயருக்குள் டியூப் இல்லை. அதற்குப் பதிலாக ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் வெண்ணிறத் திரவம் ஊற்றப்பட்டிருக்கிறது. முள் குத்தினால் அத்திரவமே துளையை அடைத்துவிடும். ஓட்டுபவர் இறங்க வேண்டியதில்லை. இவ்வகைத் திரவங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படைப் பொருள் எது என்று கேட்டால் நம் வாசகர்கள் வியப்படைவார்கள். அது நாம் விடியற்காலையில் மங்கில் பிடிக்கும் ரப்பர் பாலேதான்.

பால் ஏன் துளையை அடைக்கிறது? இதற்கான விடையை மரத்தடியிலேயே காணலாம். உளி பட்டவுடன் பால் விரைந்து ஓடுகிறது. பின்னர் மெல்ல மெல்லக் குறைந்து, சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பால் தீர்ந்துவிட்டதால் நிற்பதில்லை. பட்டைக்குள் உள்ள பால் குழாய்களில் ரப்பர்த் துகள்களுடன் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. வெட்டுவாயில் பால் பாய்ந்தோடும்போது அப்பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து குழாயின் வாயில் அடைப்பை உண்டாக்குகின்றன. மரம் தன் காயத்தைத் தானே கட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். பட்டையில் எத்தெபோன் மருந்து தடவினால் பால் நெடுநேரம் ஓடுவதற்குக் காரணம், இந்த அடைப்பு விழுவது தாமதமாவதுதான்.

அப்படியானால் டயருக்குள் ஊற்றிய பால் அங்கேயே கட்டியாகிவிடாதா? ஆகாமலிருக்கவே அதில் அமோனியா சேர்க்கப்படுகிறது. பால் வாளியில் அமோனியா விடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். ஆலையில் பாலை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றித் தண்ணீரைக் குறைத்து, ரப்பரின் அளவை அறுபது விழுக்காடாக உயர்த்துகிறார்கள். டயர்த் திரவம் செய்வோர் இத்தகைய பாலுடன், விரைவில் உலராதிருக்க கிளைக்கால் போன்ற திரவங்களையும், துளையில் சிக்கிக்கொள்ளும் நுண்ணிய நார்களையும் துகள்களையும் கலக்கிறார்கள்.

சக்கரம் சுழலும்போது இத்திரவம் டயரின் உட்புறம் முழுவதும் பரவுகிறது. ஆணி குத்தியதும் உள்ளிருக்கும் காற்று துளை வழியே சீறிப் பாய்கிறது; திரவமும் உடன் செல்கிறது. குறுகிய துளையில் முதலில் நாரும் துகளும் சிக்குகின்றன. அங்கே அமோனியா ஆவியாகிறது, நீர் உலர்கிறது, ரப்பர்த் துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. சில நொடிகளில் ஒரு ரப்பர் முளை உருவாகிறது. வெட்டுக்கோட்டில் உறையும் கோட்டுப்பாலுக்கு இதைத் தம்பி என்றே சொல்லலாம்.

இதைப் படித்தவுடன், “மங்கில் உள்ள பாலையே மோட்டார் சைக்கிள் டயரில் ஊற்றினால் என்ன?” என்று சிலருக்குத் தோன்றக்கூடும். வேண்டாம். அமோனியா இல்லாத பால் சில மணி நேரத்தில் உறைந்து, டயருக்குள் ஒரே இடத்தில் கட்டிப்பாலாகக் கிடக்கும். சக்கரத்தின் ஒரு பக்கம் கனத்து வண்டி உதறும்; நாற்றமோ தெருவையே கூட்டும். அமோனியா விட்ட பாலும் பிற கலவைகள் இல்லாமல் சூட்டில் விரைவில் உலர்ந்துவிடும். தோட்டத்துப் பாலை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் கங்காணியிடம் என்ன சொல்வது என்பது வேறு கேள்வி.

சிங்கப்பூருக்கும் ரப்பருக்கும் உள்ள தொடர்பு பழையது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அக்காலத்தில் சிராங்கூன் சாலை வழியே, இன்று தேக்கா என்று நாம் வழங்கும் வட்டாரத்தில், மாட்டுவண்டிகளே ஓடின. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. அதற்குப் பஞ்சர் என்னும் நோய் கிடையாது. நோயெல்லாம் வண்டியில் ஏறியவரின் இடுப்புக்குத்தான். 1888-இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் பெல்பாஸ்டு நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ரிட்லி சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரம் சாகாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை அவரே அங்கு வகுத்தார். இன்று நம் கையிலுள்ள உளியின் வேலை அதிலிருந்து வந்ததே.

டயர் இல்லாத சக்கரமும் ஒருமுறை சிங்கப்பூரின் வரலாற்றில் ஒலித்திருக்கிறது. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே விரைந்தனர். வெயிலில் டயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் சாலையில் எழுந்த அந்த உலோக ஓசையை எதிரணியினர் டாங்கிகள் வருவதாகக் கருதியதுண்டு என்று ஜப்பானியப் படை அதிகாரி ட்சூஜி எழுதியிருக்கிறார். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு பக்கமும் பால்மரங்கள் நிற்க, நடுவே டயரில்லாமல் ஒரு படை சென்றது!

மீண்டும் நம் தோட்டத்துக்கு வருவோம். டிராக்டர், மண் வாரும் இயந்திரம் போன்ற கனரக வண்டிகளுக்குப் பெரும்பாலும் ரப்பர் பால் சேராத, கிளைக்காலில் நார் கலந்த கெட்டியான திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது உலர நெடுநாள் ஆகும். உறைந்து அடைப்பதில்லை, நார் சிக்கி அடைக்கிறது. செம்பனை மட்டையின் முள் டயரைப் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் பயன் விளங்கும். வயல்வெளியில் பாரத்தோடு நின்றுவிட்ட டிராக்டருக்கு ஜாக்கி வைப்பது எளிய வேலையன்று. மண் சரிந்தால் ஆளுக்கே ஆபத்து.

எனினும் இத்திரவத்தின் எல்லையை அறிந்திருக்க வேண்டும். சைக்கிள் டயரில் நான்கைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள துளைவரை அடையும். தரையைத் தொடும் பகுதியில் விழுந்த துளையை அடைக்கும். பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் அங்கே விழுந்த கிழிசலில் முளை நிற்காது. நூல் தெரியத் தேய்ந்த டயருக்கு எந்தத் திரவமும் உயிர் கொடுக்காது. பஞ்சரே ஆகாது என்று நம்பி அத்தகைய டயரில் மனைவி மக்களை ஏற்றிச் செல்வது, பஞ்சரை விடப் பெரிய தீங்கு. ஆணி குத்தியும் வண்டி ஓடுகிறதென்றால், அது பட்டறை வரை போய்ச் சேருவதற்குக் கிடைத்த அவகாசம் என்றே கொள்ள வேண்டும்.

ரப்பர் பால் சேர்ந்த திரவம் நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களிலேயே உலரத் தொடங்கும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சலசலவென்ற ஓசை கேட்கவில்லையெனில் உள்ளே திரவம் உலர்ந்துவிட்டது, புதிதாக ஊற்ற வேண்டும். சிறு உருளையில் அடைத்த கரியமில வாயுவைக் கொண்டு காற்றடித்தால் பால் உள்ளேயே திரிந்துவிடக்கூடும், கைப்பம்பே நல்லது. ஊற்றும்போது காற்றோட்டமான இடத்தில் நின்று, அமோனியா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டக் கொடுக்கும்போது டயருக்குள் திரவம் இருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் டயரைப் பிரித்தவுடன் அவர் சட்டையெல்லாம் பாலாகும்; அந்தக் கறை எளிதில் போகாதென்பதை நம்மைவிட யார் அறிவார்?