ரசிகரும் கிறுக்கும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டி நான் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் இரண்டே வகை. முதல் வகை, பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேண்ணே" என்று கிளம்பிவிடும். இரண்டாம் வகை கிளம்பாது. எல்.பி. ரெக்கார்டிலிருந்து பதிகிறீர்களா, இன்னொரு கேசட்டிலிருந்தா? டெக்கில் ஹெட் துடைத்து எத்தனை நாளாயிற்று? டி.டி.கே. கேசட் இருக்கிறதா? பதில் திருப்தியாக இருந்தால்தான் சீட்டு சட்டைப் பையை விட்டு வெளியே வரும்.

அப்படி ஒரு லாரி டிரைவர் வருவார். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நிமிடக் கணக்கு எழுதியிருப்பார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டிலேயே கூட்டிப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் தலை தெரிந்தாலே கடைப் பையன், "கிறுக்கு வந்துருச்சுண்ணே" என்பான்.

இன்ன பாட்டு பிடிக்கும் என்பதால் மட்டும் ஒருவர் கிறுக்காகிவிடுவாரா? ஒரே பாட்டை நூறு பேருக்குப் பதிந்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை. கிறுக்கு பாட்டில் இல்லை, கேட்கிற விதத்தில் இருக்கிறது.

1982இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல். பெரும்பாலோருக்கு அது காதல் பாட்டு, அவ்வளவுதான். ஆனால் என் கடைக்கு வரும் வங்கி அதிகாரி ஒருவருக்கு அது சலநாட்டை ராகம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டே காட்டினார். "பாருங்க தம்பி, ரிஷபமும் காந்தாரமும் சேர ஆறு வழி. தைவதமும் நிஷாதமும் சேர ஆறு வழி. மத்யமம் ரெண்டு. ஆறாறு முப்பத்தாறு, இரண்டால பெருக்கினா எழுபத்திரண்டு." அதுதான் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்கள். சலநாட்டை அதில் 36ஆவது. மத்யமத்தை மட்டும் மாற்றினால் நேரே 72ஆவதான ரசிகப்ரியாவில் போய் நிற்கும். சலநாட்டை விவாதி ராகம் வேறு; ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். பாடினால் தோஷம் என்று ஒதுங்கிய வித்வான்களும் உண்டு. அதைப் போய் காதல் பாட்டுக்கு ராஜா வைத்திருக்கிறாரே என்பதில் அதிகாரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

டிரைவருக்கு ராகம் தெரியாது. அவர் கேட்டது பேஸ் கிடாரை. ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "பாடுறவர விட்டுட்டுக் கீழ கேளுண்ணே. அது தனியா இன்னொரு பாட்டு பாடிக்கிட்டிருக்கு." உண்மைதான். வெறும் தாளத்துக்குத் துணையாக ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்காமல், பாட்டின் மெட்டுக்கு எதிர்மெட்டாகப் பேஸ் நடந்துபோவது ராஜாவின் கைவரிசை. மேற்கத்திய செவ்வியல் இசையில் அதற்கு கவுன்ட்டர்பாயின்ட் என்று பெயர், படிக்கத் தனிப் பாடமே உண்டு. டிரைவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "டும் டுடும்" என்று வாயாலேயே வாசித்துக் காட்டுவார். யார் வாசித்தது என்று கேட்பார். அன்றைய ரெக்கார்டு உறையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும், வாத்தியம் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் எனக்கே பிறகுதான் தெரியவந்தது.

இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. ஆனால் வங்கி அதிகாரியை ஊர் 'பெரிய ரசிகர்' என்றது, டிரைவரைக் 'கிறுக்கு' என்றது. மார்கழியில் மியூசிக் அகாடமிக்குப் போய்ப் பாருங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, கையடக்க நோட்டில் ராகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு எத்தனையோ பேர் இருப்பார்கள். யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. அவர்கள் ஆராய்ச்சிக்கு 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டிப் பிரகாசிகை' வரை பின்பலம் இருக்கிறது. கலைச்சொல் இருக்கிறது, சபை இருக்கிறது. டிரைவருக்கு இருந்தது வாயால் போடும் சத்தம் மட்டும். அறிவுக்குப் புத்தகமும் சபையும் கிடைத்தால் அது ரசனை, கிடைக்காவிட்டால் கிறுக்கு. இலங்கை வானொலி கேட்டே படம், வருடம், கவிஞர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்த டீக்கடைக்காரர்களும் இந்தக் கணக்கில்தான் ஏமாந்தார்கள்.

1986இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது ரசிகருக்கும் கிறுக்குக்கும் நடுவே இருந்த இந்த வேலி கொஞ்சம் ஆடியது. படம் இல்லை, கதாநாயகன் இல்லை, வாயசைக்கப் பாட்டு இல்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹ்-க்கும் ராஜா காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பு, வி.எஸ்.நரசிம்மனின் வயலின். முதல் வகை வாடிக்கையாளர்கள் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். அதிகாரியும் டிரைவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒருவர் அதில் தியாகராஜரைத் தேடினார், மற்றவர் கீழே ஓடுவதைக் கேட்டார். கடையில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இவர்களோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'சிந்து பைரவி'யின் 'கலைவாணியே' ஓடிக்கொண்டிருக்கும்போது, அது கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்துப் போட்டது, இறங்கவே இறங்காது என்று விளக்கினால் கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். அதே ஆள் பாட்டை நிறுத்திவிட்டு, "இது என்ன ராகம், சொல்லு பார்ப்போம்" என்று வீட்டுப் பிள்ளைகளை மடக்கினால், பாட்டு பரீட்சை ஆகிவிடும். தெரிந்ததைப் பகிர்கிறவரைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். தெரியாததைக் குத்திக்காட்டுகிறவர் ஹெட்ஃபோனோடு தனியாக உட்கார வேண்டியதுதான். கிறுக்கு என்ற பெயரைச் சிலர் இப்படிச் சொந்த முயற்சியிலும் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

இருந்தாலும் என் ஓட்டு அவர்களுக்குத்தான். முதல் வகை ஆட்கள் எனக்கு வியாபாரம் கொடுத்தார்கள். தினமும் பதிந்த பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்க வைத்தவர்கள் இரண்டாம் வகை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லி, "இதுல நான் எதக் கவனிக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்னால் அடுப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் விட மாட்டார்.