கசகசா வயலில் கம்பெனி போட்ட கணக்கு

குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசாவும், சீனாவில் போர் மூளக் காரணமான அபினும் ஒரே செடியில்தான் விளைகின்றன. காய் பச்சையாக இருக்கும்போது மேல்தோலைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதே காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளே கிடைக்கும் விதை கசகசா. இந்தச் செடியை யார் பயிரிடலாம், எவ்வளவு நிலத்தில் பயிரிடலாம், யாருக்கு, என்ன விலைக்கு விற்கலாம் என்பதையெல்லாம் கங்கைச் சமவெளியில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர் ஆட்சியே முடிவு செய்தது.

உரிமம் உண்டு, வட்டியில்லா முன்பணம் உண்டு, விளைந்ததை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள், விலையும் முன்கூட்டியே தெரியும். இப்படிக் கேட்கும்போது விவசாயிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால், அந்தப் பயிரால் கம்பெனியின் கஜானா நிறைந்தது. பயிரிட்டவர் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்வது, இன்று ஒப்பந்த முறையில் பயிர் செய்பவர்களுக்கும் உதவும்.

வாங்குபவர் ஒருவரே

வங்காளமும் பீகாரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு, 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் வியாபாரத்தைக் கம்பெனியின் தனி உரிமையாக்கினார். முதலில் ஒப்பந்தக்காரர்கள் மூலம் கொள்முதல் நடந்தது. அவர்கள் விவசாயிகளை வற்புறுத்துகிறார்கள், சரக்கில் கலப்படம் செய்கிறார்கள் என்ற புகார்கள் வரவே, 1797-ல் கம்பெனி தன் அதிகாரிகளைக் கொண்டே கொள்முதலைத் தொடங்கியது. பீகாருக்குப் பாட்னாவிலும், இன்றைய கிழக்கு உத்தரப்பிரதேசப் பகுதிக்குக் காஜிப்பூரிலும் பெரிய தொழிற்சாலைகள் இயங்கின.

கம்பெனிக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன்? இங்கிலாந்து மக்கள் குடித்த தேயிலை சீனாவிலிருந்து வந்தது. அதற்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. சீனாவில் அபினுக்குத் தடை இருந்ததால், கம்பெனி தன் கப்பலில் அதை ஏற்றவில்லை. கல்கத்தாவில் ஏலம் விட்டது. தனி வியாபாரிகள் வாங்கிச் சீனாவுக்குக் கடத்தினார்கள். 1839-ல் சீன அதிகாரி லின் செக்சு 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து அழித்தார். அதைத் தொடர்ந்து மூண்டதுதான் முதல் அபின் போர். 1842-ல் சீனா தோற்று, ஹாங்காங்கை விட்டுக்கொடுத்தது.

உரிமத்துக்குள் இருந்த கட்டு

1857-ன் 13-ம் சட்டம் இந்த ஏற்பாட்டின் விதிகளைத் தொகுத்தது. அபின் பயிரிட விவசாயி சம்மதிக்கலாம், மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது. சம்மதித்துவிட்டால் நிலைமை வேறு. உரிமத்தில் குறித்த பரப்பு முழுவதும் விதைத்தாக வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டு அந்தப் பரப்பில் குறைத்தால், குறைந்த நிலத்துக்கு வாங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு அபராதம். விளைந்த அபின் முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு பிடியை வெளியில் விற்றாலும் குற்றம்.

விவசாயியிடம் ஒரு கணக்குச் சீட்டு இருக்கும். ‘ஹாத் சிட்டி’ என்று அதற்குப் பெயர். நிலத்தின் அளவு, வாங்கிய முன்பணம், கொடுத்த சரக்கு எல்லாம் அதில் பதிவாகும். ஆனால், பெரும்பாலான விவசாயிகளுக்கு எழுத்துத் தெரியாது. அரசுக்கும் விவசாயிக்கும் நடுவில் ‘லம்பர்தார்’ என்ற ஊர்ப் பிரமுகர் இருந்தார். தன் ஊர்க்காரர்களுக்காக முன்பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்.

ஐந்து மாதம், வீடு முழுக்க வேலை

அபின் செடி ஏனோதானோ என்று விளையும் பயிரல்ல. ஊரை ஒட்டிய, கிணற்றுப் பாசனம் உள்ள, தொழு உரம் நன்றாக ஏறிய தோட்டக்கால் நிலம்தான் அதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பார்கள். பல உழவு ஓட்டிப் புழுதியாக்கி, சிறு பாத்திகள் கட்டி, முளைத்ததும் கலைத்துவிட்டு, திரும்பத் திரும்பக் களையெடுத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

பூ உதிர்ந்து காய் திரண்டதும் மாசி, பங்குனியில் கடினமான வேலை தொடங்கும். மூன்று நான்கு கூர்முனைகளைச் சேர்த்துக் கட்டிய சிறு கத்தியால், பிற்பகலில் ஒவ்வொரு காயையும் மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். ஆழமாகப் போனால் பால் உள்ளே வடிந்துவிடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. இரவெல்லாம் கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் கரண்டி போன்ற இரும்புத் தகட்டால் சுரண்டி எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே காயைப் பல முறை கீற வேண்டும். பெண்கள், குழந்தைகள் உட்பட வீடே வயலில் நிற்கும். அந்த நேரத்தில் மழையோ பலத்த காற்றோ வந்தால், ஐந்து மாத உழைப்பு கரைந்துவிடும்.

எடையும் பதமும் அவர்கள் கையில்

சேகரித்த அபினை மண் பானையில் போட்டு, சித்திரையில் எடைபோடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நீர்ச்சத்து எவ்வளவு என்று பதம் பார்ப்பார்கள். 100 பங்கில் 70 பங்கு கெட்டியாக இருந்தால்தான் முழு விலை. அதற்குக் குறைந்தால் பிடித்தம். தொட்டும் கிளறியும் முகர்ந்தும் தரம் சொல்வதற்கென்றே ஆள் உண்டு. மாவு கலந்திருக்கிறதா என்பதை அயோடின் ஊற்றிப் பார்ப்பார்கள். கலப்படம் என்று முடிவானால் சரக்கு பறிமுதல்.

சோதிப்பது தவறல்ல. ஆனால், வாங்குபவரும் எடைபோடுபவரும் தரம் சொல்பவரும் ஒரே தரப்பு. ‘இந்த விலை கட்டாது’ என்று பானையை எடுத்துக்கொண்டு வேறு வியாபாரியிடம் போக வழியில்லை; போனால் சிறை. எடைபோடும் ஊழியர்களுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டிய ‘மாமூல்’ தனி.

யாருக்கு எவ்வளவு?

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சேர் அபினுக்கு விவசாயி பெற்றது ஏறக்குறைய 5 ரூபாய். சேர் என்பது சுமார் 930 கிராம். ஏலத்துக்குப் போகும் ஒரு பெட்டியில் சுமார் 63 கிலோ அபின் இருக்கும். அந்தப் பெட்டிக்காக விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 340 ரூபாய். அதே பெட்டி கல்கத்தாவில் 1,000 ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. தொழிற்சாலைச் செலவு போக மீதமெல்லாம் அரசுக்கு. நில வரிக்கு அடுத்தபடியாக ஆங்கிலேய அரசுக்கு அதிக வருமானம் தந்தவற்றில் உப்போடு அபினும் முன்னணியில் நின்றது.

விவசாயி அந்த 5 ரூபாயிலிருந்துதான் நல்ல நிலத்துக்கான உயர்ந்த குத்தகை, உரம், இறைப்பு, கூலி எல்லாவற்றையும் கட்ட வேண்டும். வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கிட்டால், பெரும்பாலும் நட்டமே வரும். செடியில் அவர் விருப்பப்படி விற்க முடிந்தது கசகசாவும், அதை ஆட்டிய எண்ணெயும் புண்ணாக்கும்தான்.

அப்படியும் ஏன் பயிரிட்டார்கள்?

உச்ச காலத்தில் 13 லட்சம் குடும்பங்கள் இந்தப் பயிரில் ஈடுபட்டிருந்தன. நட்டம் என்றால் ஏன் விடவில்லை? விடை முன்பணத்தில் இருக்கிறது. புரட்டாசி வாக்கில் வீட்டில் தானியம் குறைந்து, ஜமீன்தார் குத்தகைத் தவணை கேட்டு நிற்பார். அந்த நேரத்தில் வட்டியில்லாமல் கிடைத்த ரொக்கம் அபின் முன்பணம் ஒன்றுதான். வாங்கிய பணம் அப்படியே ஜமீன்தாரிடம் போகும். குத்தகை ஒழுங்காக வரும் என்பதால், ஜமீன்தாரும் அபின் போடச் சொல்லி நெருக்குவார். மறுக்கலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் மறுத்துவிட்டு நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

எதிர்ப்பு வலுத்ததால் 1893-ல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 700-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்தக் குழு, தடை தேவையில்லை என்று 1895-ல் அறிக்கை கொடுத்தது. பிறகு 1907-ல் சீனாவுடன் உடன்பாடு ஏற்பட்டு, ஏற்றுமதி படிப்படியாகக் குறைந்து, 1913-ல் சீனாவுக்கான விற்பனை நின்றது.

ஒப்பந்தம் போடும் முன்

எந்தப் பயிருக்கு ஒப்பந்தம் போட்டாலும் மூன்றைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. தரம் குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா? எடையும் தரமும் நம் கண் முன்னால், நாம் சரிபார்க்கும்படி நடக்குமா? தகராறு வந்தால் வாங்குபவரைச் சாராத ஒருவரிடம் முறையிட முடியுமா? முன்பணத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்திருங்கள்.

வாசகர் கேள்வி

கேள்வி: கசகசா விலை அதிகமாக இருக்கிறது. நம் தோட்டத்தில் கொஞ்சம் பயிரிடலாமா?

பதில்: கூடாது. கசகசாச் செடியும் அபின் செடியும் ஒன்றுதான். மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும், மத்திய போதைப்பொருள் துறையின் உரிமம் பெற்றவர்கள் மருந்துத் தேவைக்காகப் பயிரிடுகிறார்கள். உரிமம் இல்லாமல் பயிரிட்டால் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கடையில் வாங்கும் கசகசாவைச் சமையலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா போன்ற வளைகுடா நாடுகளில் கசகசாவும் தடை செய்யப்பட்ட பொருள். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொருட்களோடு அதைக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.