தோப்பு வழியே நாயுடன் ஒரு சிறு நடை

பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் வாரப் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், மாத்திரைகளைப் பற்றி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. "டாக்டர், எங்கள் நாயை அழைத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போய் வரலாமா?" என்றுதான் கேட்டார். உடன் வந்த மகளோ, "வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள் டாக்டர்" என்றார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாள்தோறும் வாசலில் வாலாட்டி நிற்கும் துணை இருந்தால், நடைக்குப் புறப்பட வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

மகளின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. அறுவை சிகிச்சையில் பிளக்கப்பட்ட மார்பெலும்பு உறுதியாகக் கூடுவதற்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். அதற்குள், அணிலைக் கண்ட நாய் திடீரெனப் பாய்ந்தால், சங்கிலியின் இழுப்பு கை வழியே மார்பைத் தாக்கும். நிலைதடுமாறி விழவும் நேரிடும். ஆகவே, "ஐயா நடக்கட்டும், சங்கிலி உங்கள் கையில் இருக்கட்டும்" என்று மகளிடம் கூறினோம்.

இத்தகைய நடைக்குச் செல்வோர் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிடங்கள் போதும். பின்னர் மருத்துவரின் அறிவுரைப்படி சிறிது சிறிதாகக் கூட்டலாம். கடலோரத் தோப்புகளில் கால் புதையும் மணல் இதயத்திற்குக் கூடுதல் சுமையாகும். இறுகிய வண்டித்தடமே ஏற்றது. நடக்கும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே அமர்ந்து 108-ஐ அழையுங்கள். கைப்பேசியும், நாவின் அடியில் வைக்கத் தரப்பட்ட மாத்திரையும் எப்போதும் உடனிருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் மூடிய காலணியின்றி நடக்கலாகாது. ஆறாத தழும்பை நாய் நக்க விடாதீர்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடப்பட வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு கீறலிலும் குருதி நிற்கத் தாமதமாகலாம். நாயின் நகங்களை வெட்டி வையுங்கள்.

புதர்களை ஒட்டி நடப்பதையும், தரையில் அமர்வதையும் தவிர்க்கவும். அங்குள்ள நுண்ணிய உண்ணிகள் கடிப்பதால் 'ஸ்க்ரப் டைபஸ்' காய்ச்சல் வரக்கூடும். நடைக்குப் பிந்தைய மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டாலோ, அக்குள் போன்ற மறைவிடங்களில் வலியற்ற கருநிறப் பொருக்கு தென்பட்டாலோ, தோப்புக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். உரிய காலத்தில் மருந்து தந்தால் இந்நோய் குணமாகும்.

மூன்றாம் மாதம் அப்பெரியவர் மீண்டும் வந்தார். மார்பெலும்பு நன்கு கூடியிருந்தது. "இனிச் சங்கிலியை நீங்களே பிடிக்கலாம்" என்றோம். "பிடிக்கட்டும் டாக்டர், ஆனாலும் நான் கூடவே போவேன்" என்றார் மகள்.