கொட்டகைக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்...



மாத்தூரில் நமது குழு ஒன்று, அப்பளம் போடும் கொட்டகையின் இரும்புத் தூண்களுக்குப் போன வருஷம்தான் பெயிண்ட் அடித்தது. இந்த மழை முடிந்து பார்த்தால் தூணெல்லாம் கொப்புளம். விரலால் சுரண்டினால் தோலாக உரிகிறது, உள்ளே துரு. "நல்ல பெயிண்ட்தானே அக்கா வாங்கினோம்?" என்று எங்களிடம் வருத்தப்பட்டார்கள். சேமிப்புப் பணமாச்சே!

பெயிண்டில் குறையில்லை. துருவின் மேலேயே அடித்துவிட்டார்கள். நம் பகுதியில் கடற்காற்றோடு உப்பு வருகிறது. அது இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதை மூடி அடித்தால் துரு உள்ளேயே வளரும்.

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையும் உப்புக்காற்றுதான் அரித்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே இரண்டு கோட் எனாமல் போதும். எபாக்சி கூடுதல் நாள் உழைக்கும், விலையும் கூடுதல். இரண்டு டப்பாவையும் கலந்த பிறகு சில மணி நேரத்தில் இறுகிவிடும். வெயிலில் வெளுத்துப் பொடியும் என்பதால் மேலே வேறு பூச்சும் வேண்டும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பழைய பெயிண்டை நனைத்தே தேய்க்கணும். இதற்கென்று தண்ணீரில் நனைக்கிற உப்புத்தாள் கடையில் கிடைக்கும். (உப்புத்தாளில் உப்பு கிடையாது, பயப்படாதீர்கள்!) ஏன் நனைக்கணும்? பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று தொழிற்சாலையில் மிஞ்சிய டப்பாவை வாங்காதீர்கள். தேய்க்கும்போது அப்பள மாவும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கவே கூடாது. மூக்கு, வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மறுபடி கழுவிக் காய்ந்ததும், மிச்சமுள்ள துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடணும். ஒரு ராத்திரி விட்டால் பனியில் திரும்பத் துரு பூக்கும். வெல்டிங் வைத்த இடம், ஓரம், போல்ட் இவற்றில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். அங்கே முதலில் பிரஷால் ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள்.

மாத்தூர் குழு பொங்கல் கழிந்து வேலையைத் தொடங்குகிறது. கூலி பேசும்போதே, "தேய்க்க எத்தனை நாள் எடுப்பீங்க?" என்று பெயிண்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.