மின்தடையும் மின்திறனும்

மின்சார இஸ்திரிப் பெட்டியின் மீது பொருத்தப்பட்ட சிறு தகட்டில் '230 வோல்ட், 920 வாட்' என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அக்கருவி எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும், எத்தகைய கம்பி அதனைத் தாங்கும், மாத முடிவில் எத்தனை யூனிட் செலவாகும் என்பன யாவும் இவ்விரு எண்களுள் அடங்கியுள்ளன. அவற்றை அறியப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

ஓமின் விதி

உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் பாய்வதற்குக் காரணம் அதன் அழுத்தம். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பின் நீரோட்டம் தடைப்படும். மின்சாரத்திலும் இதனையொத்த நிலை உண்டு. மின்னோட்டத்தை உந்துவது மின் அழுத்தம். இதன் அலகு வோல்ட். பாயும் மின்னோட்டத்தின் அலகு ஆம்பியர். அதனைத் தடுக்கும் இயல்பு மின்தடை. இதன் அலகு ஓம்.

இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறிஞரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். வெப்பநிலை மாறாதிருப்பின், உலோகக் கம்பியில் பாயும் மின்னோட்டம் மின் அழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் அமையும். எனவே, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன் வாட் அளவில் கிடைக்கும்.

மேற்கூறிய இஸ்திரிப் பெட்டியில் 920-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 4 ஆம்பியர் எனத் தெரிகிறது. 230-ஐ 4-ஆல் வகுத்தால் மின்தடை 57.5 ஓம். 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாவதே ஒரு யூனிட். நாள்தோறும் அரை மணி வீதம் 30 நாட்களுக்கு, பெட்டி இடையறாது சூடேறிக்கொண்டிருக்குமாயின், 13.8 யூனிட் செலவாகும்.

இக்கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இழை விளக்கின் தடை ஒரே நிலையில் இருப்பதில்லை. 60 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். குளிர்ந்த நிலையில் அது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. இரண்டாவது, மாற்று மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாருக்கு வோல்ட், ஆம்பியர் இரண்டின் பெருக்கற்பலனைத் திறன் காரணி என்னும் எண்ணாலும் பெருக்குதல் வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 ஆயின், அது ஏற்கும் திறன் 1,150 வாட் அன்று, 920 வாட்டே.

கம்பியில் நேரும் இழப்பு

மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்கும் தடை உண்டு. அதில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜூல் 1841 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கம்பத்திலிருந்து தொலைவில் உள்ள ஒரு வீட்டிற்குச் செல்லும் இரு கம்பிகளின் மொத்தத் தடை 2 ஓம் எனக் கொள்ளலாம். வீட்டில் 10 ஆம்பியர் செலவாகும்போது 20 வோல்ட் வழியிலேயே குறைந்து 210 வோல்ட்டே வந்து சேரும். 200 வாட் கம்பியில் வெப்பமாக வீணாகும். மின்னோட்டம் 20 ஆம்பியராக உயர்ந்தால், அழுத்த இழப்பு இருமடங்காகி 40 வோல்ட் ஆகும். திறன் இழப்போ நான்கு மடங்காகி 800 வாட் ஆகும். மாலை வேளையில் விளக்குகள் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுந்தொலைவுக்கு மின்சாரம் அனுப்புவோர் உயர் அழுத்தத்தை நாடுவதும் இதனாலேயே. 1902 ஆம் ஆண்டில் காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. அதன் மின் அழுத்தம் 30,000 வோல்ட் அளவினது. எளிய கணக்காக 1,000 கிலோவாட் திறனை எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அனுப்புவதற்கு ஏறத்தாழ 4,348 ஆம்பியர் தேவை. 30,000 வோல்ட்டிலோ ஏறத்தாழ 33 ஆம்பியரே போதும். மின்னோட்டம் 130 மடங்கு குறைவதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 17,000 மடங்கு குறைகிறது. இன்று இந்தியாவில் 7,65,000 வோல்ட் தடங்களும் அமைந்துள்ளன.

வீட்டின் பாதுகாப்பு

இதே விதி வீட்டுச் சுவருக்குள்ளும் செயற்படுகிறது. தளர்ந்த இணைப்பு ஒன்றின் தடை அரை ஓமே எனினும், அதன் வழியே 10 ஆம்பியர் பாயும்போது 50 வாட் வெப்பம் விரல் நுனியளவு இடத்தில் தோன்றும். மின்காப்பு உருகித் தீப்பற்றுதற்கு இது போதுமானது. உருகு கம்பி இதனைத் தடுக்காது. ஏனெனில் மின்னோட்டம் அளவை மீறவில்லை. ஆதலின், கருகல் வாடை வீசும் அல்லது தொட்டால் சுடும் செருகியை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கித் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் காட்டுதல் வேண்டும்.

கருவிகளின் வாட் எண்களைக் கூட்டி 230-ஆல் வகுத்தால், வீட்டுக் கம்பிகள் தாங்க வேண்டிய மின்னோட்டம் தோராயமாக விளங்கும். அது கம்பியின் தாங்கும் அளவை மிஞ்சுமாயின், தடித்த கம்பியை இடுவதே முறை. கம்பியை மாற்றாது உருகு கம்பியை மட்டும் தடித்ததாக மாற்றுவது, காவலனை அகற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும்.