கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறும். அவ்வேங்கட மலையின் அடிவாரமாகிய திருப்பதியிலும், அதற்குத் தென்மேற்கே அமைந்த சித்தூரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இரு மொழிகள் பழகிவிடுவது போலவே இரு சமையல்களும் பழகிவிடுகின்றன. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சித்தூர் தனி மாவட்டமாகும் வரையில், இப்பகுதியின் பெரும்பாகம் வடஆற்காட்டைச் சேர்ந்தே இருந்தது. ஆகவே அடுப்பங்கரையில் மட்டும் எல்லைக்கோடு தெளிவாக விழவில்லை. நாம் கோழி என்பதை அவர்கள் கோடி என்பர். நம் களி அவர்களுக்குச் சங்கட்டி. நம் வறுவல் அவர்களுக்கு வேப்புடு. புளி சேர்ந்த குழம்பு புலுசு.

திருமலை மீது புலாலுக்கு இடமில்லை. புரட்டாசி முழுவதும் புலாலை விலக்கும் வழக்கமும் நம்மவரில் பலருக்கு உண்டு. அந்நெறி போற்றத்தக்கதே. எனினும், மற்ற நாட்களில் புலால் உண்ணும் இல்லங்களில் அதனைச் சுவையாகவும் சிக்கனமாகவும் சமைப்பது எப்படி, சமைத்தபின் அது யார் யாருடைய இலைக்குப் போய்ச் சேருகிறது என்பவை சிந்திக்கத்தக்கவை.

கோழியைத் தேர்தல்

சித்தூர்ச் சீமை கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. பண்ணையில் வளரும் பிராய்லர் கோழி ஐந்து அல்லது ஆறு வாரங்களில் கடைக்கு வந்துவிடுகிறது. நாட்டுக்கோழியோ பல மாதங்கள் ஓடியாடி இரை தேடி வளர்வது. அதனால் அதன் தசை இறுகியிருக்கும். குறைந்த தீயில் நெடுநேரம் வெந்தால்தான் அத்தசைநார் இளகிக் குழம்புக்குச் சாரமும் வழவழப்பும் தரும். பிராய்லரை அவ்வளவு நேரம் வேகவைத்தால் நார் நாராகப் பிரிந்து சுவை கெடும். ஒன்றுக்குரிய பக்குவத்தை மற்றொன்றுக்குச் செய்வதே பல வீடுகளில் குழம்பு கெடுவதற்குக் காரணம்.

குழம்பு வைக்கும் முறை

ஒரு கிலோ நாட்டுக்கோழியை மஞ்சள் பூசி, தீயில் வாட்டி, தோலுடன் துண்டுகளாக்கிக்கொள்க. தனியா மூன்று மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் பத்து, மிளகு ஒரு தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு ஆகியவற்றை வெறும் சட்டியில் தனித்தனியே வறுக்கவும். கசகசா இரண்டு தேக்கரண்டியும், துருவிய கொப்பரை நான்கு மேசைக்கரண்டியும் இறுதியில் வறுத்துச் சேர்த்து, எல்லாவற்றையும் மைய அரைக்கவும்.

கனத்த பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி கடலையெண்ணெய் காயவைத்து, நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் கறிவேப்பிலையும் இடுக. பச்சை வாசனை போனபின் கோழி, மஞ்சள், உப்பு சேர்த்து, நீர் விட்டு வற்றும் வரை வதக்கவேண்டும். அவசரப்படாமல் செய்யவேண்டிய கட்டம் இதுவே. குழம்பின் நிறமும் மணமும் இங்கேதான் பிறக்கின்றன. பிறகு இரண்டு தக்காளி, அரைத்த மசாலா, ஆறு குவளை வெந்நீர் சேர்த்து மூடி, ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் சிறு தீயில் வேகவிடுக. விரும்புவோர் இறக்குமுன் சிறிது புளிக்கரைசல் விட்டு ஒரு கொதி வரவிடலாம். களிக்கு ஊற்றும் குழம்பு நீர்க்க இருத்தல் வேண்டும்.

களி கிண்டுதல்

ஒரு குவளை அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்து குவளை நீரில் குழைய வேகவைக்கவும். கஞ்சி வற்றுமுன் இரண்டு குவளை கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி, பத்து நிமிடம் சிறு தீயில் விடுக. மாவு வெந்தபின் துடுப்பினால் கட்டியின்றி அழுத்திக் கிண்டி, ஈரக்கையால் உருண்டை பிடிக்கவேண்டும். உருண்டையின் நடுவே குழி செய்து நெய் விட்டு, சிறிது சிறிதாகப் பிட்டுக் குழம்பில் தோய்த்து உண்பது வழக்கம்.

ஆட்டுக்கறியும் கோங்கூராவும்

நாம் புளிச்சகீரை என்பதே ஆந்திரத்தின் கோங்கூரா. ஆட்டுக்கறியைத் தனியே மசாலாவுடன் மெத்தென வேகவைத்து, கீரையைத் தனியே எண்ணெயில் சுருள வதக்கி மசித்து, இறுதியில் இரண்டையும் கூட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். அரை கிலோ கறிக்கு இரண்டு கட்டுக் கீரை சேர்த்தால் ஆறு பேருக்குத் தாராளமாக வரும். கறி விலை ஏறிய காலத்தில் சுரைக்காயும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இதே உதவியைச் செய்வன.

பந்தியில் கடைசி

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கூறவேண்டும். நம் வீடுகளில் கோழி அடித்தால் தொடைத்துண்டு ஆண்மக்களுக்கும், ஈரல் தந்தைக்கும், மீதி விருந்தினருக்கும் போகும். சமைத்த அன்னைக்கு எஞ்சுவது சட்டியின் அடியில் நிற்கும் குழம்பு. அவளும் முகம் கோணாமல், ‘எனக்குக் குழம்பே போதும்’ என்பாள். இதைத் தியாகம் என்று நாம் போற்றுகிறோம். ஆனால் உடல் அதனைத் தியாகமென்று கருதுவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் முதன்மையானது.

புலாலில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, இரும்புச்சத்தும் உண்டு. ஆயினும் தானியத்தின் இரும்பு உடலில் முழுதும் சேருவதில்லை. அதனோடு சிறிது கறியும், எலுமிச்சை போன்ற புளிப்பான பழமும் சேர்ந்தால் அது நன்கு சேரும். களியோடு கோழிக்குழம்பு என்று நம் முன்னோர் கண்ட கூட்டு நாவுக்கு மட்டும் உகந்ததன்று. உணவு முடிந்தவுடன் தேநீர் அருந்துவது இப்பயனைக் குறைப்பதால், ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நலம்.

ஆகவே சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: குழம்பை இறக்கியவுடன், பரிமாறுமுன், வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கைப்படி துண்டுகளைப் பங்கிடுங்கள், அதில் உங்களையும் வளரும் பெண்மக்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஆடவர்க்கும் ஒரு சொல்: சுவையைப் புகழ்வதோடு நில்லாமல், சமைத்தவளின் இலையில் என்ன விழுந்தது என்று ஒருமுறை பாருங்கள். பிறந்த ஊரைவிட்டு வந்து, இரு மொழிக்கு நடுவே குடும்பத்தை நிலைநிறுத்துபவள் அவள். சட்டியில் முதல் பங்கு அவளுக்கு இல்லாவிடினும், சமபங்கு அவளுக்கு உரியது.