நிழல் சொன்ன மணி: பள்ளிவாசல் சூரியக் கடிகாரங்கள் நேரத்தை எண்ணிய விதம்

பெட்டாலிங் ஜெயா – கம்போங் மேடானில் நவம்பர் தொடக்கத்தில் லுஹர் தொழுகைக்கான பாங்கு பிற்பகல் 1 மணி வாக்கில் ஒலிக்கும். பிப்ரவரியில் அது 1.30 மணியை நெருங்கிவிடும். அக்கம்பக்கத்தில் வசிக்கும் பலரும் இதைக் கவனித்திருப்பார்கள். தொழுகை வேளைகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அமைந்தவை அல்ல. சூரியனைப் பார்த்து அமைந்தவை. சூரியன் உச்சியைக் கடந்த பிறகே லுஹர் தொடங்குகிறது.

கடிகாரம் பரவுவதற்கு முன் இந்த வேளைகளைக் காட்டியது நிழல்தான். மலாய் மக்கள் உச்சிப் பொழுதை அறிய நட்டு வைத்த குச்சிக்குத் 'தோங்காட் இஸ்திவா' என்று பெயர். அதன் நிழல் மிகக் குறுகும் நேரமே உச்சிப் பொழுது.

*மூன்று வகை எண்ணிக்கை*

பழைய இஸ்லாமியச் சூரியக் கடிகாரங்களில் மணியை எண்ணும் முறை ஒன்றல்ல.

முதலாவது, பகலை 12 சம பாகமாக்குவது. கோடையில் பகல் நீளும்போது மணியும் நீளும்; குளிரில் சுருங்கும். டமாஸ்கஸில் இப்படிப்பட்ட ஒரு 'மணி' கோடையில் சுமார் 72 நிமிடம், குளிரில் சுமார் 50 நிமிடம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டிலோ அது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 60 நிமிடம்தான்.

இரண்டாவது, சூரிய உதயத்திலிருந்து சம மணிகளை எண்ணுவது. நம் நாழிகைக் கணக்கும் உதயத்தில்தான் தொடங்குகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம்.

மூன்றாவது, சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுவது. துருக்கியர்கள் அஸ்தமனத்தை 12 மணியாகக் கொண்டு, அதற்கேற்பக் கடிகாரங்களை அடிக்கடி திருத்தி வைத்தார்கள். 1926 ஜனவரி 1 முதல் அந்த முறை அங்கு அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது.

டமாஸ்கஸ் உமையாத் பள்ளிவாசலில் வேளை கணிப்பவராக இருந்த இப்னு அல்-ஷாதிர், 1371-இல் சுமார் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பளிங்குப் பலகையில் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். உதயமாகி எவ்வளவு நேரம் ஆயிற்று, அஸ்தமனத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் அதில் பார்க்கலாம். தொழுகை வேளைகளுக்கும் அதில் கோடுகள் உண்டு.

*அஸர் நேரம் ஏன் இரண்டு?*

உச்சிப் பொழுதில் இருந்த நிழலுக்கு மேல், குச்சியின் நீளம் அளவுக்கு நிழல் கூடினால் அஸர் என்பது ஷாஃபி மத்ஹப் முறை. இரு மடங்கு கூட வேண்டும் என்பது ஹனஃபி முறை. தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹப்பினரும் உள்ளனர். மலேசியாவின் அதிகாரபூர்வ அட்டவணை ஷாஃபி முறையைச் சார்ந்தது.

மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; குச்சிக்கு அப்போது நிழலே இராது. அந்நாட்களில் ஷாஃபி அஸர் உச்சிக்குச் சுமார் 3 மணி நேரம் கழித்தும், ஹனஃபி அஸர் சுமார் 4 மணி 14 நிமிடம் கழித்தும் வரும்.

நிழலின் நீளத்திலிருந்து மணியைக் கணக்கிட ஆரம்பகால முஸ்லிம் வானியலாளர்கள் பயன்படுத்திய எளிய சூத்திரம் இந்தியாவிலிருந்து சென்றது என்பது வரலாற்றாய்வாளர் டேவிட் கிங்கின் கருத்து.

*இராகு காலத்துக்கும் இதே கணக்கு*

இந்தக் கணக்கு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. பகலை 8 பாகமாக்கி அதில் ஒன்றை இராகு காலம் என்கிறோம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு.

தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றிணைந்தது. கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்தது. இங்கு இன்று சூரியன் உதிப்பது 7 மணியை ஒட்டித்தான். உதயம் 7.15 என்றால் திங்கட்கிழமை இராகு காலம் சுமார் 8.45 முதல் 10.15 வரை. தமிழ்நாட்டு நாள்காட்டியின் மணியை அப்படியே எடுத்துக்கொண்டு திருமணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் நேரம் குறிப்பவர்கள், தவிர்க்க நினைத்த வேளையிலேயே சடங்கைத் தொடங்கிவிடக்கூடும்.

உள்ளூர் உதயத்தைக் கொண்டு கணித்த நாள்காட்டியைப் பார்ப்பதே சரி. சந்தேகம் இருப்பவர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் குறுகும் நேரத்தைக் குறித்துப் பார்க்கலாம். அது 12 மணியாக இராது. ஏறத்தாழ 1 மணிக்கும் 1.30-க்கும் இடையில் இருக்கும்.